ஜேகே 4 கதவு, 35 டயர், மூன்றரை இஞ்ச் லிஃப்ட்: 4.56-ஆ, 4.88-ஆ? முன் ஷாஃப்ட்டை என்ன செய்வது?

சுடுமணல்:
எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2013 ஜீப் ரேங்லர் அன்லிமிடெட் சஹாரா, அதாவது ஜேகே தலைமுறை. 3.6 பென்டாஸ்டார், 5 கியர் ஆட்டோ. முன் ஆக்சில் டானா 30, பின் ஆக்சில் டானா 44, இரண்டிலும் ரேஷியோ 3.73 (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் அத்தனை சுற்று). ஓடுவது ஷார்ஜா பக்கம்: வாரநாளில் நெடுஞ்சாலை, வார இறுதியில் மணல், எப்போதாவது மலைப்பக்கம் வாடி (காய்ந்த ஆற்றுப்படுகை).

வண்டியை உயர்த்தும் மூன்றரை இஞ்ச் லிஃப்ட்டும், 35 என்று சொல்லும் 315/70 ஆர்17 டயரும் போட்டாயிற்று. இப்போது 120-ல் போகும்போது சின்ன மேம்பாலம் வந்தாலே 5-லிருந்து 4-க்கு இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. முன் ஷாஃப்ட்டின் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) பக்கத்து ரப்பர் பூட் உறையைச் சுற்றி கிரீஸ் தெறித்திருக்கிறது. கடையில் ஒருவர் 4.56 என்கிறார், இன்னொருவர் 5.13 என்கிறார். புது ஷாஃப்ட்டுக்கு பழைய ஃபிளாஞ்சிலேயே (ஷாஃப்ட் முனையை போல்ட் போடும் தட்டு) அடாப்டர் மாட்டினால் போதும், பினியனை (ஆக்சிலுக்குள் பெரிய கிரவுன் சக்கரத்தைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்) திறக்க வேண்டாம் என்று சொல்கிறார்கள். எதை முதலில் செய்வது?

பல்சக்கரம்:
முதலில் கணக்கு. இந்த டயர் அளவில் 34.4 இஞ்ச், வண்டி எடையில் உட்கார்ந்தால் உருளும் விட்டம் சுமார் 34 என்று வையுங்கள். சஹாராவின் பழைய டயர் 32. மணிக்கு கி.மீ. × 209 × ஆக்சில் ரேஷியோ × டாப் கியர், அதை டயர் இஞ்ச்சால் வகுத்தால் இன்ஜின் சுற்று கிடைக்கும். உங்கள் பெட்டியின் 5-வது கியர் 0.83.

120 கி.மீ.யில்: கம்பெனி நிலையில் 2425 சுற்று. இப்போது 3.73-உம் புது டயரும் சேர்ந்து 2285. 4.10 போட்டால் 2510, 4.56 என்றால் 2790, 4.88 என்றால் 2990, 5.13 என்றால் 3140.

4.10-லேயே பழைய சுற்று திரும்பிவிடுகிறதே என்று தோன்றும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சுற்று திரும்பும், சுமை திரும்பாது. டயரும் ரிம்மும் கனம் கூடியவை, அந்தக் கனம் அச்சிலிருந்து தள்ளி இருக்கிறது. வண்டி உயர்ந்ததால் காற்றும் கூடுதலாகத் தடுக்கிறது. இந்த இன்ஜினின் உச்ச டார்க் 4800 சுற்றில்தான் வருகிறது. 2300-ல் அதனிடம் இழுவை கேட்டால் அது கியரை இறக்கித்தான் பதில் சொல்லும். உங்கள் மேம்பாலத் தொல்லை அதுதான்.

என் தேர்வு 4.88. லோ ரேஞ்சிலும் (மெதுவாக, பலமாக இழுக்கும் நிலை) பலன் உண்டு: முதல் கியர் 3.59, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் 2.72, அதோடு 3.73 பெருக்கினால் 36. 4.88 என்றால் 47 தாண்டும். வாடியில் பாறை இறங்கும்போது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

5.13 உங்களுக்கு வேண்டாம். அது 37 டயருக்கு.

பாறைவாடி:
பல்சக்கரம் அண்ணன் சொல்வதில் ஒன்றுக்கு மறுப்பு. முன்னால் இருப்பது டானா 30. ரேஷியோ ஏற ஏற பினியன் சின்னதாகிறது: 3.73-ல் 11 பல், 4.56-ல் 9, 4.88-ல் 8. கிரவுன் விட்டமே 186 மி.மீ. தான், பின்னால் உள்ள 44-க்கு 226. முன்னால் லாக்கர் (இரு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் பூட்டு) போட்டு பாறையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஆக்சிலரேட்டர் மிதிக்கிறவருக்கு 4.56 ஒரு படி பாதுகாப்பு. நெடுஞ்சாலையில் 200 சுற்று மிச்சம். மணலிலும் ஹை ரேஞ்சில் இரண்டாவது கியர் சீக்கிரம் தீர்ந்துவிடாது.

பல்சக்கரம்:
டானா 30 பற்றி நீங்கள் சொல்வது சரி. முன்னால் லாக்கர் போடும் எண்ணம் இருந்தால் நானும் 4.56 என்றே சொல்வேன். ஓப்பன் டிஃப் (லாக்கர் இல்லாதது) என்றால் 4.88 தாங்கும். மணல் வாதம் மட்டும் கணக்கில் நிற்கவில்லை. 6000 சுற்றில் இரண்டாவது கியர் 4.56-ல் 98 கி.மீ. வரை போகும், 4.88-ல் 91. மணல்மேட்டில் 91-ல் யார் போகிறார்கள்? காற்றை 15 பிஎஸ்ஐ-க்கு இறக்கினால் டயர் இன்னும் குள்ளமாகும், அப்போது இந்த எண்கள் கொஞ்சம் குறையும். அப்போதும் போதும்.

இதைப் படிக்கும் 3.21 வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: முன் டானா 30-ல் உங்கள் கேரியருக்கு (கிரவுனைத் தாங்கும் கூடு) இந்தக் கிரவுன் உட்காராது. கிரவுன்-பினியன் விலையை மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள், கேரியரும் வாங்க வேண்டும்.

குறுக்கச்சு:
ரேஷியோ பேச்சு முடிந்ததா? இப்போது ஷாஃப்ட். ஊரில் புரொப்பல்லர் ஷாஃப்ட், யூஜே கிராஸ் என்று சொல்வோமே, அதேதான்.

கிரீஸ் தெறித்தது சின்ன விஷயமில்லை. ஜேகேயில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இருப்பது ர்ஸெப்பா வகை ஜாயிண்ட், உள்ளே குண்டுகள், வெளியே ரப்பர் பூட். லிஃப்ட் ஏறியதும் கோணம் கூடுகிறது, பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று தேய்ந்து கிழிகிறது. கிரீஸ் போய் மணல் உள்ளே வரும். காய்ந்த ஜாயிண்ட் சூடேறி உடைந்தால், வேகத்தில் சுழலும் குழாய் கியர்பெட்டியின் ஆயில் பேனையே அடிக்கும். ஜேகேயில் முன் ஆக்சிலைத் துண்டிக்கும் வசதி இல்லை. 2எச்-இல் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) போனாலும் முன் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே “ஃபோர்வீல் போடாமல் ஓட்டிக்கொள்கிறேன்” என்பது இங்கே எடுபடாது. நெடுஞ்சாலைக்கு எடுக்கும் முன் முன் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு 2எச்-இல் ஓட்டுங்கள்.

மாற்று: ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை கிராஸ், பினியன் பக்கம் ஒற்றை கிராஸ் உள்ள 1310 (கிராஸின் அளவு எண்) ஷாஃப்ட். 1350 கிராஸ் பெரியது (கப் 1.188 இஞ்ச், 1310-க்கு 1.062), ஆனால் டானா 30-க்கு முன்னால் அவ்வளவு பலம் தேவையில்லை. 1310-க்கு இடமும் குறைவாகப் போதும். 2012-க்குப் பிறகு வந்த 3.6-ல் எக்ஸாஸ்ட் குறுக்குக் குழாய் முன் ஷாஃப்ட்டை ஒட்டி ஓடுகிறது. இந்த லிஃப்ட்டில் ஆக்சில் முழுக்கத் தொங்கினால் இரண்டும் உரசும். குழாயைத் தள்ளிவைக்கும் ஸ்பேசரை இப்போதே வாங்கிவிடுங்கள்.

அடாப்டரைப் பற்றி: வேலை செய்யும். ஆனால் அதன் தடிமன் ஷாஃப்ட்டின் நீளத்தைத் தின்னும். ஷாஃப்ட் குட்டையானால் கோணம் கூடும். நீங்களோ எப்படியும் கியர் மாற்றப் பினியனைத் திறக்கிறீர்கள். அன்றே ஃபிளாஞ்சுக்குப் பதில் 1310 யோக் (கிராஸைப் பிடிக்கும் கவை) மாட்டினால் கூலி ஒன்றுமில்லை. பிறகு மாட்டுவதென்றால் பினியன் நட்டைக் கழற்ற வேண்டும். அங்கே பேரிங் இறுக்கத்தை நிறுத்துவது நசுங்கும் ஸ்லீவ், ஒருமுறை அதிகமாக நசுங்கினால் திரும்ப வராது. புது ஸ்லீவ் போட்டு முழு வேலையும் மறுபடி.

சுடுமணல்:
புரிகிறது, நன்றி. அடாப்டர் வேண்டாம், யோக்தான். இரண்டு சந்தேகம். கடைக்காரர் “கியர் மாற்றினால் சிலருக்கு அதிர்வு வரும், அது கியர் கோளாறில்லை” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். தப்பிக்கப் பார்க்கிறாரா? இன்னொன்று, முன் பினியனைத் தூக்கி ஷாஃப்ட்டை நேராக்கினால் என்ன?

குறுக்கச்சு:
பாதி உண்மை. ஷாஃப்ட்டின் சுற்றைக் கணக்கிடுங்கள்: சக்கரச் சுற்று × ஆக்சில் ரேஷியோ. 120-ல் கம்பெனி நிலையில் 2920 சுற்றிய ஷாஃப்ட், 4.88-ல் 3600 சுற்றும். சமநிலைப் பிசகு தரும் விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறும், அதாவது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பழைய கோணமும் பழைய பிசகும் அப்போது தெரியாமல் இருந்தது, இப்போது கைக்குத் தெரியும். கடைக்காரர் சொன்னது அதுதான். ஆனால் முனகல் வேறு, அதிர்வு வேறு. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது ஒரு சத்தம், விட்டால் இன்னொரு சத்தம் என்றால் அது கிரவுன்-பினியன். அவரிடம் திரும்பப் போங்கள்.

ஒற்றை கிராஸ் கோணத்தில் சுற்றும்போது வெளியே வரும் வேகம் ஒரு சுற்றுக்கு இருமுறை ஏறி இறங்கும். 10 பாகையில் ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம், 20 பாகையில் 6 சதவீதம். இரட்டை கிராஸ் மேல் முனையில் இந்த ஏற்ற இறக்கத்தை ஏறக்குறைய தன்னுள்ளேயே தீர்த்துக்கொள்ளும். அதனால் கீழ் முனையில், பினியன் ஷாஃப்ட்டை நேராகப் பார்க்க வேண்டும்.

முன்னால் இதில் ஒரு சிக்கல் உண்டு. பினியனை ஒரு பாகை தூக்கினால் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) ஒரு பாகை குறையும். கம்பெனி காஸ்டர் 4.2. லிஃப்ட் ஏற்றியதில் அது ஏற்கெனவே குறைந்திருக்கும். 120-ல் ஸ்டியரிங் அலைபாய்ந்தால் காரணம் அதுதான். கீழ் கன்ட்ரோல் ஆர்மை (ஆக்சிலைச் சட்டத்தோடு இணைக்கும் தண்டு) சரிசெய்து காஸ்டரை 4-க்கு மேல் கொண்டுவாருங்கள், பினியன் கொஞ்சம் தாழ்ந்தால் தாழட்டும். டானா 30-இன் பினியன் உயர்ந்த இடத்தில் இருப்பதால் அந்தக் கோணம் பெரும்பாலும் தாங்கக்கூடியதே. ஷாஃப்ட்டுக்காக ஸ்டியரிங்கைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே வரிசை: லிஃப்ட் உட்கார்ந்த பிறகு காஸ்டர், பிறகு கியரும் யோக்கும், அதன் பிறகே அளவு. சக்கரங்கள் தரையில், எரிபொருளும் வழக்கமான சாமானும் வண்டியில் இருக்க, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்ச் முகத்திலிருந்து பினியன் யோக்கின் கிராஸ் மையம் வரை அளந்து கொடுங்கள். ஜாக்கியில் தூக்கி அளந்தால் ஷாஃப்ட் நீளமாக வந்துவிடும்; ஆக்சில் மேலே வரும்போது ஸ்லிப் (ஷாஃப்ட்டின் நீண்டு சுருங்கும் பகுதி) முட்டி ட்ரான்ஸ்ஃபர் கேஸைத் தள்ளும். மாட்டியதும் ஆக்சிலை முழுக்கத் தொங்கவிட்டு ஷாஃப்ட்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கும் பிடிக்கக் கூடாது, ஸ்லிப் கழன்று வரக் கூடாது.

பல்சக்கரம்:
கியர் கடையில் நின்று பார்க்க வேண்டியவை. பேக்லாஷ் (பல்லுக்கிடையே உள்ள ஆட்டம்) 0.13 முதல் 0.20 மி.மீ.க்குள், கிரவுனில் மூன்று நான்கு இடத்தில் டயல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஓரிடத்து அளவை நம்ப முடியாது. புது பேரிங்குக்கு பினியன் பிரீலோட் (பேரிங்கின் இறுக்கம்) 15-20 இஞ்ச்-பவுண்டு வாக்கில் இருக்கும், கிட்டோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே இறுதி. மஞ்சள் மை தடவிச் சுற்றினால் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். பல்லின் உச்சியை ஒட்டினால் பினியன் விலகி நிற்கிறது, வேரை ஒட்டினால் கிட்டே போய்விட்டது. ஷிம் (மெல்லிய இடைத்தகடு) மாற்ற வேண்டும். மைத் தடத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேரிங், சீல், கிரவுன் போல்ட் எல்லாம் புதிது. பழைய பேரிங்கையே போட்டால் சேமிப்பு சொற்பம், திரும்பத் திறக்க நேர்ந்தால் கூலி இரட்டிப்பு.

முன், பின் இரண்டும் ஒரே நாளில் மாற வேண்டும். ஒன்று மட்டும் மாறிய வண்டியில் ஃபோர்வீல் போட்டால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ்தான் பலி. புது ரேஷியோவையும் டயர் அளவையும் கம்ப்யூட்டரில் ஏற்றாவிட்டால் கியர் மாற்றம் முரடாகும், எச்சரிக்கை விளக்குகள் எரியும்; அதற்கான சின்னக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டே வண்டியை எடுக்கப் போங்கள்.

முதல் ஓட்டம் 20-25 கி.மீ., மிதமாக. பிறகு வண்டி முழுக்க ஆறட்டும். இதையே இரண்டு மூன்று முறை செய்யுங்கள். 800 கி.மீ. வரை மணல் வேண்டாம். மணலில் இழுப்பது ட்ரெய்லர் இழுப்பதற்குச் சமம், புதுப் பல் சூடேறிக் கெட்டுவிடும். 800-ல் ஆயிலை மாற்றுங்கள். காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இருந்தால் கவலையில்லை, செதில் இருந்தால் மறுபடி ஓட்டாதீர்கள்.

சுடுமணல்:
முன்னால் லாக்கர் எண்ணம் இல்லை, அதனால் 4.88. முன் பக்கம் 1310 யோக், காஸ்டர் முடித்து அளவு. பின் ஷாஃப்ட்டையும் சேர்த்து மாற்றிவிடவா?

குறுக்கச்சு:
இப்போது வேண்டாம். 4 கதவு வண்டியில் பின் ஷாஃப்ட் நீளம், கோணம் மென்மை. ஒவ்வொரு மணல் பயணத்துக்கும் பிறகு பூட்டை விரலால் விரித்துப் பாருங்கள், மடிப்பில் ஈரம் தெரிந்தால் அன்று ஆர்டர் போடலாம். பின்னால் பழைய ஃபிளாஞ்சே இருக்கட்டும். இப்போது யோக் மாட்டினால் பழைய ஷாஃப்ட் அதில் பொருந்தாது.