பிரிட்ஜ் சீட்டில 1 நோட்ரம்புக்கு (துரும்பில்லாத கேள்வி) 4 நோட்ரம்ப் கேட்டால் ஏஸ் சொல்லத் தேவையில்லையா?

கிளிநொச்சிப் பெடியன்:
முன்னூற்றிநாலு விளையாடி வளந்த ஆள் நான், பிரிட்ஜ் இப்பதான் போனில பழகிறன். என்ர சோடி சித்தப்பா 1 நோட்ரம்ப் எண்டு கேள்வியைத் திறந்தார். நான் 4 நோட்ரம்ப். மனிசன் பாஸ்! 4 நோட்ரம்ப் எண்டு ஏஸ் எத்தினை எண்டு கேக்கிற பிளாக்வுட் முறையெண்டால் ஏஸ் எண்ணிச் சொல்லத்தானே வேணும்?

வவுனியா மாஸ்டர்:
தம்பி, சித்தப்பா செய்தது சரி. நோட்ரம்புக்கு நேர மேல வாற 4 நோட்ரம்ப் ஏஸ் கேள்வியில்லை, 6 நோட்ரம்புக்குப் போகலாமோ எண்ட அழைப்பு. 1 நோட்ரம்ப் திறந்தவரிட்ட பெரிய சீட்டுகளுக்கான புள்ளி 15 தொடக்கம் 17. 17 எண்டால் 6க்குப் போவார், 15 எண்டால் பாஸ். ஏஸ்தான் வேணுமெண்டால் 4 கிளப் கேளும், அது கெர்பர். 4 டயமண்ட் வந்தால் ஒண்டுமில்லை அல்லது நாலும், 4 ஹாட்ஸ் ஒண்டு, 4 ஸ்பேட் ரெண்டு, 4 நோட்ரம்ப் மூண்டு. பிளாக்வுட் துரும்பு முடிவான பிறகுதான்.

மாங்குளம் அக்கா:
இப்ப கனபேர் பிளாக்வுட்டில நாலு ஏஸோட துரும்பு ராசாவையும் சேர்த்து அஞ்சாய்த்தான் எண்ணுகினம். துரும்பு ராணி இருக்கோ எண்டதும் சில பதிலில தெரியும். பழைய முறையில அந்த வசதி இல்லை.

கிளிநொச்சிப் பெடியன்:
துரும்பு கிளப் எண்டால்?

வவுனியா மாஸ்டர்:
அங்கதான் சிக்கல். ரெண்டு ஏஸ் தேவைப்பட்டு, சோடி 5 டயமண்ட் எண்டு ஒரு ஏஸ் மட்டும் சொன்னால் 5 கிளப்பில நிக்கேலாது, டயமண்ட் கிளப்புக்கு மேல, தாண்டியாச்சு. கையில ஒரு இனமே இல்லையெண்டாலும் பிளாக்வுட் கேக்காதையும். எந்த ஏஸ் எண்டு பிளாக்வுட் சொல்லாது, எத்தினை எண்டுதான் சொல்லும்.