டெக் கம்பெனி கோர்ஸ் முடித்து டி-ஷர்ட், ஸ்டிக்கர் வாங்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நெல்லைத்தம்பி:

2020 லாக்டவுன். '30 டேஸ் ஆஃப் கூகுள் கிளவுட்' ஓடிய சமயம். கூகுளின் கிளவுட் (வாடகைக் கணினி) சேவையைப் பழகுவதற்கான ஆன்லைன் பயிற்சிகளை, அதாவது லேப்களை, முடித்தால் பரிசு தரும் மாணவர் திட்டம் அது. எங்கள் வகுப்பில் பாதிப்பேர் யூடியூபில் ஒருத்தர் போட்ட ஸ்கிரிப்டை (கட்டளைத் தொகுப்பை) அப்படியே கிளவுட் ஷெல் என்ற கட்டளை ஜன்னலில் ஒட்டிவிட்டு, 'செக் மை ப்ராக்ரஸ்' பட்டனை அழுத்திப் பச்சை விழுகிறதா என்று மட்டும் பார்ப்போம். நானும்தான். ஒரு லேபுக்கு நாலு நிமிஷம். டி-ஷர்ட் வந்தது, ஸ்டிக்கர் வந்தது, ஸ்டிக்கரை லேப்டாப் மூடியில் ஒட்டினேன். இது வரைக்கும் எல்லாம் சுகம்.

ரெண்டு வருஷம் கழித்து கேம்பஸ் இண்டர்வியூ. பேனலில் ரெண்டு பேர். ஒருவர் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, "ஓ, கிளவுட் எல்லாம் பண்ணியிருக்கீங்களா?" என்றார். "ஆமா சார், குபர்னெட்டிஸ் கிளஸ்டர் கிரியேட் பண்ணியிருக்கேன்" என்றேன், நல்ல தெம்பாக. ஆப்களை ஓட்டுவதற்கு கிளவுடில் வாடகைக்கு எடுக்கும் கணினிக் கூட்டம்தான் கிளஸ்டர், அழிக்காமல் விட்டால் காசு ஏறிக்கொண்டே இருக்கும். "சரி, வேலை முடிஞ்சதும் அந்தக் கிளஸ்டரை என்ன பண்ணீங்க?" "ஒண்ணும் பண்ணல சார், டைமர் முடிஞ்சா அதுவே போயிடும்."

அவர் சிரிக்கக்கூட இல்லை. கையில் இருந்த பேனாவுக்கு மூடியைப் போட்டார். டக். அதற்குப் பிறகும் பத்து நிமிஷம் ஏதேதோ கேட்டார்கள், என்ன கேட்டார்கள் என்று ஒன்றும் ஞாபகம் இல்லை. அந்த டக் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

கரிசல்காடு:

உனக்காவது கையில் வந்து சேர்ந்தது தம்பி. எனக்கு வந்த பெட்டி கோவில்பட்டியை எட்டியே பார்க்கவில்லை.

ஒரு வெளிநாட்டு கம்பெனியின் மாணவர் திட்டம், பெயர் வேண்டாம். மூணு மாசம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து முடித்தேன், காப்பி எல்லாம் அடிக்கவில்லை. ஹூடி அனுப்புகிறோம் என்று மெயில் வந்தது. ஃபார்மில் என் நம்பரைப் போடாமல் அப்பா நம்பரைப் போட்டதுதான் நான் செய்த தப்பு. அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை, முப்பது வருஷமாக ஒரு ரூபாய் இடித்தாலும் தூங்காத மனுஷன். கூரியர்காரர்கள் அவரைக் கூப்பிட்டு, பார்சல் கஸ்டம்ஸில் இருக்கிறது, ஆதார் காப்பி அனுப்புங்கள், வரி கட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். "சும்மா குடுக்கிற சட்டைக்கு எதுக்குய்யா வரி? எதுக்கு ஆதார்? எங்க வீட்ல யாரும் எதுவும் ஆர்டர் போடல" என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்தடுத்து ரெண்டு முறை வந்த அழைப்பையும் வெட்டிவிட்டார். சாயங்காலம் என்னிடம் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும். மோசடிக்காரனை விரட்டிவிட்டாராம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. டிராக்கிங் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், அனுப்பினவருக்கே திரும்பிப் போகிறது என்று போட்டிருந்தது. இன்றைக்கு வரை அப்பாவுக்குத் தெரியாது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. முன்பெல்லாம் வெளிநாட்டிலிருந்து பரிசாக வரும் சின்னப் பொருளுக்கு வரிச்சலுகை இருந்தது. 2019 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள், ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விலக்கு. ஹூடி ரெண்டிலும் சேராது.

வரிவரியா_படிப்பவன்:

@நெல்லைத்தம்பி, உன் கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. 'குபர்னெட்டிஸ் எஞ்சின்: குவிக் ஸ்டார்ட்' லேபைத்தானே சொல்கிறாய்? கிளஸ்டர் உருவாக்கி, ஹலோ-ஆப் என்ற மாதிரி ஆப்பை ஏற்றி, 8080 போர்ட்டில் திறந்து பார்ப்பதுதானே? அந்த லேபின் கடைசி டாஸ்க்கே கிளஸ்டரை அழிப்பதுதான். அதற்கென்று தனியாக ஒரு கட்டளை இருக்கிறது. அதாவது நீ ஒட்டிய ஸ்கிரிப்டே கிளஸ்டரை அழித்தும் கொடுத்திருக்கும். பதில் உன் கண் முன்னால் ஓடிப் போயிருக்கிறது, நீ பச்சையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய். பேனலில் நான் உட்கார்ந்திருந்தாலும் மூடியைப் போட்டிருப்பேன்.

என் அனுபவம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பாட்டில் கிடைத்தது, ஒழுகுகிறது.

கிளப்_அக்கா:

வாங்கினவர்கள் எல்லாம் பேசிவிட்டீர்கள், கொடுத்தவள் ஒருத்தி பேசுகிறேன். கல்லூரியில் ஒரு டெவலப்பர் கிளப்பை ஒரு வருஷம் நடத்தினேன். எந்தக் கம்பெனி, எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். முடித்தவர்கள் 112 பேர், பெட்டியில் வந்தது 40 சட்டை. சரி, அதைக்கூட முதலில் முடித்த 40 பேருக்கு என்று சமாளித்துவிட்டேன். பெட்டியைப் பிரித்தால் எல்லாமே எல், எக்ஸ்எல். எஸ் ஒன்றுகூட இல்லை. மூணு மாசத்துக்கு முன்னாலேயே சைஸ் கேட்டு ஃபார்ம் நிரப்பச் சொன்னார்கள், நானும் ஒவ்வொருத்தர் பின்னாலும் ஓடி ஓடி நிரப்பி அனுப்பினேன். அந்த ஃபார்மை யார் திறந்து பார்த்தார்களோ.

லிஸ்டில் முதல் பெயர் ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு. சன்னமான உடம்பு. அவள் கையில் எக்ஸ்எல்லைக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தாள், முழங்காலுக்கும் கீழே போனது. "பரவால்லக்கா, எங்க அம்மா டெய்லர்தான்" என்று சிரித்துக்கொண்டே மடித்து வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் போட்டுக்கொண்டு வந்தாள். தையல் அவ்வளவு நேர்த்தி, உடம்புக்குக் கச்சிதம். ஆனால் ரெண்டு பக்கமும் பிடித்ததில் கம்பெனி பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தையலுக்குள் போய்விட்டன. நடுவில் இருப்பதைப் படித்தால் அது ஒரு பெயரே இல்லை. பையன்கள் அதையே அவளுக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். கூப்பிட்டவர்களில் என் கமிட்டி பையன்களும் உண்டு. நான் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

சட்டைக்காகப் படிக்கலாமா என்று இனிமேல்தான் யாராவது இங்கே ஆரம்பிப்பீர்கள். எனக்குத் தெரியும்.

கம்பஸ்_நினைவு:

நான் இலங்கை. எங்களிடம் கூகிள் சமர் ஒஃப் கோட், அதாவது திறந்த மூல மென்பொருளுக்கு நிரல் எழுத வைக்கும் கூகிளின் திட்டம், என்றால் ஒரு பைத்தியம். 2005இல் அது தொடங்கினதில் இருந்து முதல் பத்து வருசக் கணக்கில் உலகத்திலேயே அதிகம் பேரை அனுப்பினது மொரட்டுவ பல்கலைக்கழகம்தான். நான் அங்கே இல்லை, வேறு கம்பஸ். ஆனால் அவர்களைப் பார்த்தே எங்கள் சீனியர்மாரும் வெறி பிடித்து விண்ணப்பிப்பினம். அதற்குக் காசும் தருவார்கள், ஆனால் காசு வங்கிக்குப் போய்விடும், ஒருத்தருக்கும் தெரியாது. ரீ-சேர்ட் அப்படி இல்லையே.

முதல் வருசம் எங்கள் அறையில் நாலு பேர் விண்ணப்பித்து மூன்று பேருக்குக் கிடைத்தது. எனக்கு இல்லை. சேர்ட் வந்த கிழமை மூன்று பேரும் ஒரே நாளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். கன்ரீனுக்கு முன்னால் படம் எடுக்க நின்றோம். நானும் நின்றேன், கோடு போட்ட சேர்ட்டோடு. கமரா பிடித்த பெடியன், என்னைவிடச் சின்னவன், "அண்ணா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, கலர் ஒத்து வரேல்ல" என்றான். அவன் பகிடிக்குக்கூடச் சொல்லவில்லை, உண்மையாகவே கலரைத்தான் பார்த்தான். நான் தள்ளி நின்றேன். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றேன். அந்தப் படத்தில் நான் இல்லை.

அடுத்த வருசம் எனக்கும் கிடைத்தது. சேர்ட் இன்னும் பக்கற்றுக்குள் மடித்தபடிதான் கிடக்கிறது. ஏன் போடவில்லை என்று மனிசி கேட்பாள், சைஸ் சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ரீட்மீ_பாவி:

நானும் ஒன்றைக் கொட்டிவிடுகிறேன். ஹேக்டோபர்ஃபெஸ்ட் 2020. டிஜிட்டல்ஓஷன் என்ற கிளவுட் கம்பெனி அக்டோபரில் நடத்துவது, ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டுகளுக்கு நாலு புல் ரிக்வெஸ்ட் (இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பும் கோரிக்கை) போட்டால் சட்டை, அந்த வருஷம் முதல் 70,000 பேருக்கு. சட்டை வேண்டாம் என்றால் மரம் நடுவார்கள். மரம் கேட்ட ஒருத்தனையும் நான் பார்க்கவில்லை. அந்த அக்டோபர் முதல் தேதி என்ன நடந்தது என்று தெரியும்தானே? ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ஊரே கிளம்பி, கண்ணில் பட்ட ப்ராஜெக்டில் எல்லாம் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு வார்த்தையைச் சேர்த்து அனுப்பியது. மூணாம் தேதியே விதியை மாற்ற வேண்டியதாகிவிட்டது, இஷ்டப்பட்டுச் சேர்ந்த ப்ராஜெக்டுகளை மட்டும்தான் கணக்கில் எடுப்போம் என்று.

அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்தன். ஒரு சின்ன லைப்ரரியின் (மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பின்) ரீட்மீயில் ஒரு பெயருக்கு முன்னால் 'அருமையான' என்ற பொருளில் ஓர் ஆங்கில வார்த்தையைச் சேர்த்தேன். அதைப் பராமரிப்பவர் திட்டவே இல்லை. மூடிவிட்டு ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: இன்று காலையில் இது பதினேழாவது, என் மகள் என்னைக் காலை உணவுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். மேலே இருந்த பதினாறையும் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் நம் ஊர்ப் பெயர்கள். அவருக்கு மன்னிப்பு எழுதலாம் என்று நினைத்தேன், அப்புறம் அதுவும் பதினெட்டாவது தொல்லையாகிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

2023இல் சட்டையையே நிறுத்திவிட்டு டிஜிட்டல் பேட்ஜ் கொடுத்தார்கள். என் காலேஜ் ஜூனியர்கள் குரூப்பில் அன்றைக்கு ஒரே அமைதி.

பழைய_அட்மின்:

எனக்கு ஒரு கோர்ஸ் முடித்ததற்குக் குடை கொடுத்தார்கள். பஸ்ஸில் விட்டுவிட்டேன். அவ்வளவுதான்.

ஆனால் இங்கே படித்ததில் சில விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நெல்லைத்தம்பி, நீங்கள் பேனா மூடியைப் பற்றிக் கவலைப்படுவதை விடுங்கள். லேபில் கொடுக்கும் கணக்கு தற்காலிகக் கணக்கு, டைமர் முடிந்ததும் ப்ராஜெக்டோடு போய்விடும், பில் உங்களுக்கு வராது. அதனாலேயே லேபில் மட்டும் பழகினவர்கள் சொந்தக் கார்டைப் போட்டு முதல் கணக்கு திறக்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள். திறந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை பட்ஜெட் அலர்ட், அதாவது செலவு நாம் வைத்த அளவைத் தொட்டால் வரும் எச்சரிக்கை, வைப்பது. அலர்ட் என்பது மெயில் மட்டும்தான், அது எதையும் நிறுத்தாது, இதைப் பலபேர் தெரியாமல் தைரியமாக இருக்கிறார்கள். வேலை முடிந்ததும் கிளஸ்டரை மட்டும் அழித்தால் போதாது, டிஸ்க் மிச்சம் இருக்கும், லோட் பேலன்சர் (வருகிற கோரிக்கைகளைக் கணினிகளுக்குப் பிரித்து அனுப்புவது) மிச்சம் இருக்கும், எடுத்து வைத்த ஐபி முகவரி சும்மா கிடந்தாலும் காசு. பழகுவதற்காகத் திறந்தது என்றால் ப்ராஜெக்டையே மொத்தமாக அழித்துவிடுவது நல்லது. இண்டர்வியூவில் இதைச் சொல்லியிருந்தால் அவரே மூடியைத் திறந்திருப்பார். அடுத்து கரிசல்காடு, கூரியர் ஃபார்மில் எப்போதும் நம் சொந்த நம்பர், அதுவும் ஆதாரில் இருக்கும் பெயர் எப்படியோ அதே எழுத்தில். ஒரு இனிஷியல் மாறினாலும் நிற்கும். கிளப் அக்கா, சைஸ் விஷயத்தில் பெட்டி வருவதற்கு முன்னாலேயே...

கரிசல்காடு:

அண்ணே, குடையைப் பற்றிச் சொல்லுங்கண்ணே. எந்த பஸ்?

பழைய_அட்மின்:

ஏதோ நல்லது சொல்லலாம் என்று பார்த்தேன். 21ஜி.

நெல்லைத்தம்பி:

@வரிவரியா_படிப்பவன், நீங்கள் சொன்னதைப் பார்த்துவிட்டு நேற்று ராத்திரி அந்த லேபை மறுபடி திறந்தேன். நீங்கள் சொன்னது சரிதான், கடைசி டாஸ்க் அதுதான். ஒவ்வொரு வரியாகக் கையால் அடித்தேன், முக்கால் மணி நேரம் ஆனது. அழிக்கிற கட்டளையை அடித்தால் உடனே போய்விடவில்லை, உறுதியா என்று கேட்டது, வொய் அடித்த பிறகும் சில நிமிஷம் ஓடிக்கொண்டே இருந்தது. இவ்வளவு நேரம் ஆகும் என்றே எனக்குத் தெரியாது.

டி-ஷர்ட் எங்கே என்று கேட்டவர்களுக்கு: அம்மா கிரைண்டருக்கு மேலே போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

செகண்ட்_இயர்:

எல்லாம் படித்தேன் அண்ணா, அக்கா. ரொம்ப நன்றி. இந்த வருஷத்து ஃபார்ம் எப்போது திறக்கும்? எம் போட்டால் எல் வருமா, எஸ் போட்டால் எம் வருமா?