கிளார்க்காகவே இருந்துவிடுவதா, ஆபீசர் ஆவதா?

வைகைக்கரை:
மதுரையில் ஒரு பொதுத்துறை வங்கியில் கிளார்க். 2014இல் சேர்ந்தேன், வயது 37. ஆபீசர் பதவி உயர்வுக்குச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. வங்கி ஊழியர்களுக்கான ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வில் தேறிவிட்டேன். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, மகள் ஐந்தாம் வகுப்பு. விண்ணப்பிக்கலாமா?

ரொக்கப்பெட்டி:
வேண்டாம் தம்பி. 2024 மார்ச்சில் கையெழுத்தான ஊதிய ஒப்பந்தப்படி ஆபீசரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 48,480, கிளார்க்கின் தொடக்கம் 24,050. இதைக் காட்டித்தான் ஆசை மூட்டுவார்கள். ஆனால் நீங்கள் இன்று தொடக்கத்திலா இருக்கிறீர்கள்? பதினொரு ஆண்டு இன்கிரிமென்ட், பட்டதாரி என்றால் அதற்கு இரண்டு, ஜே.ஏ.ஐ.ஐ.பி.க்கு ஒன்று. கூட்டினால் 50,000ஐத் தாண்டியிருப்பீர்கள். கையில் கூடுதலாக வருவது கொஞ்சம்தான். வெளியூரில் தனி வீடு, ரயில் டிக்கெட், இரண்டு அடுப்பு என்று அதுவும் கரைந்துவிடும். மாலை ஐந்தரைக்குக் கிளம்பும் உரிமைக்கு எந்த ஒப்பந்தத்திலும் விலை போடவில்லை.

மூன்றாம் ஸ்கேல்:
ரொக்கப்பெட்டி சாரின் கணக்கு இந்த மாதத்துக்குச் சரி. கிளார்க் ஊதிய விகிதம் 64,480இல் முடிகிறது. அதன்பின் தேக்கநிலை இன்கிரிமென்ட் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சொட்டும். ஆபீசர்களில் முதல் படியான முதல் ஸ்கேலுக்கு உச்சம் 85,920, அடுத்த படியான இரண்டாம் ஸ்கேலுக்கு 93,960. இன்னொன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. புதிய திட்டத்தில் வங்கி போடும் 14 சதவீதம் அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் பொறுத்தது. சம்பளம் உயர்ந்தால் அறுபது வயதுக்கான பணமும் சேர்ந்து உயரும். பழைய பென்ஷன் வாங்கப்போகிறவர்கள் புதியவர்களுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்வது எளிது.

ரொக்கப்பெட்டி:
எனக்குப் பழைய பென்ஷன்தான், மறைக்கவில்லை. அதனால் என் கண்ணில் பட்டது பொய்யாகிவிடுமா? 2020 ஏப்ரலில் பத்து வங்கிகளை நான்காக இணைத்தார்கள். முன்பு தமிழ்நாட்டில்தான் அதிகக் கிளைகளை வைத்திருந்த வங்கிக்கு இன்று வங்காளத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் நிறையக் கிளைகள். ஆபீசர் என்றால் இந்தியா முழுவதும் போகச் சம்மதம் என்று பொருள். அங்கே போய் மொழி தெரியாமல் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவீர்கள். நாலு வருடம் கழித்து அது வராக்கடன் ஆனால் விளக்கம் கேட்டுக் கடிதம் உங்களுக்குத்தான் வரும்.

மூன்றாம் ஸ்கேல்:
கையெழுத்துக்குப் பயந்தால் எந்த வேலையிலும் மேலே போக முடியாது. வேளாண் கடன், சிறுதொழில் கடன், அந்நியச் செலாவணி, இவற்றைக் கற்க வாய்ப்பு ஆபீசருக்குத்தான். கவுண்டர் வேலையில் பாதியை இன்று செயலி செய்கிறது. 37இல் ஏறினால் நாற்பதுகளின் நடுவில் மூன்றாம் ஸ்கேலுக்குப் போட்டியிடலாம். 45இல் ஏறினால் ஓய்வு பெறும்போதும் இரண்டாம் ஸ்கேலிலேயே நின்றுவிட நேரலாம், இடமாற்றம் மட்டும் அதேபோல் வரும்.

தாமிரபரணி:
நானும் கிளார்க், என் கணவர் இன்னொரு வங்கியில் ஆபீசர். இத்தனை பதிவுகளில் அந்த ஆசிரியை என்ன நினைக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை! மாநில அரசு ஆசிரியையால் உங்களோடு கொல்கத்தாவுக்கு வர முடியாது. மகளின் பள்ளி, மாமியாரின் மருத்துவம், தண்ணீர் வரி எல்லாம் அவர் தலையில்தான் விழும். இன்னொரு பக்கமும் சொல்கிறேன்: மகள் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது வெளியூர் போய், பத்தாம் வகுப்புக்குள் மாநிலத்துக்குத் திரும்பக் கேட்பது ஒன்று, பத்தாம் வகுப்பில் கிளம்புவது வேறு. என் கணவர் இரண்டாவதைச் செய்தார்.

வைகைக்கரை:
மனைவியிடம் கேட்டேன். ‘முதலில் எந்த மண்டலம் என்று விசாரியுங்கள்’ என்கிறார். தேறியபின் மறுத்தால் என்ன ஆகும்?

மூன்றாம் ஸ்கேல்:
வங்கிக்கு வங்கி மாறும். பல இடங்களில் சில ஆண்டுகளுக்குப் பதவி உயர்வுத் தேர்வை மீண்டும் எழுத முடியாது. சுற்றறிக்கையின் கடைசிப் பக்கங்களில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. சென்ற முறை தேறியவர்களை எங்கே போட்டார்கள் என்று சங்கத்தில் பட்டியல் வாங்குங்கள்.

ரொக்கப்பெட்டி:
பட்டியலைப் பார்த்தால் என் பக்கம் வந்துவிடுவார்.

தாமிரபரணி:
வரட்டும், போகட்டும். அந்தப் பட்டியலை வீட்டுக்கு எடுத்துப் போய் இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள், வைகைக்கரை சார்.