கடுவன் பூனைக்குத் திரும்பத் திரும்ப இரத்தம் கலந்த சிறுநீர்: டிஃப்யூசரும் காப்ஸ்யூலும் ஏன் எடுபடவில்லை?

சாம்பல்வால் (கேள்வி)

கருத்தடை செய்த கடுவன் பூனை, 4 வயது, 5.6 கிலோ, வெளியே விடுவதில்லை. ஐந்து மாதத்தில் மூன்றாவது முறையாக அதே தொல்லை. மணல் தட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறான், முக்கி முக்கிச் சொட்டுத்தான் வருகிறது, லேசாக இரத்த நிறம். தட்டை விட்டுவிட்டுத் துணிக்கூடையிலும் மிதியடியிலும் போய்விடுகிறான்.

முதல் இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், ஒரு வாரத்தில் சரியானது. இந்த முறை முழுப் பரிசோதனை. கல்ச்சரில் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்ற சோதனை) கிருமி இல்லை. ஸ்கேனில் கல் இல்லை, மூத்திரப்பைச் சுவர் தடித்திருக்கிறது. சிறுநீர் அடர்த்தி 1.052 (தண்ணீர் 1.000). ஸ்ட்ரூவைட் என்ற தாது உப்புக் கிரிஸ்டல் கொஞ்சம். மன அழுத்தத்தால் வரும் அழற்சி என்கிறார் டாக்டர்.

பூனையை அமைதிப்படுத்தும் வாசம் பரப்பும் ஃபெலிவே கிளாசிக் டிஃப்யூசர் மூன்று வாரமாக ஹாலில், சோபாவுக்குப் பின்னால் உள்ள பிளக்கில் ஓடுகிறது. பதற்றம் குறைக்கும் ஜில்கீன் 75 மி.கி. காப்ஸ்யூலும் தொல்லை அதிகமான நாட்களில் கொடுக்கிறேன். பலனில்லை. அடுத்து எந்தப் பொருளுக்கு மாறலாம்?

கூடுதல் தகவல்: ட்ரை ஃபுட் மட்டும்தான் சாப்பிடுகிறான். ஆறு மாதம் முன் 1 வயதுப் பெட்டைப் பூனை ஒன்றும் வந்தது. இரண்டு தட்டு இருக்கிறது.

மீசைக்காரி

பொருளை மாற்றுவதெல்லாம் அப்புறம். இப்போது மூத்திரம் வருகிறதா இல்லையா? கடுவனுக்குச் சிறுநீர்க்குழாய் நுனி மிகக் குறுகல். சளியும் கிரிஸ்டலும் சேர்ந்து அடைத்துவிட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும். ஓரிரு நாளில் உயிர் போகலாம். முக்கியும் மணலில் ஈரமே இல்லை, வாந்தி, ஒளிந்துகொள்வது, வயிற்றைத் தொட்டால் கத்துவது, குறியை விடாமல் நக்குவது: இதில் எதைப் பார்த்தாலும் நள்ளிரவானாலும் தூக்கிக்கொண்டு போங்கள். வயிற்றை நீங்களாக அழுத்திப் பார்க்காதீர்கள்.

கட்டியாகும் மணல்தானே? காலையும் மாலையும் மூத்திரம் பட்டுக் கட்டியான உருண்டைகளை எண்ணுங்கள். நலமான பூனைக்கு ஒரு நாளைக்குப் பொதுவாக 2 முதல் 4, ஒவ்வொன்றும் எலுமிச்சை அளவு. பட்டாணி அளவில் பத்துப் பதினைந்து என்றால் அழற்சி. எதுவுமே இல்லை என்றால் அடைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சாம்பல்வால்

நேற்று இரவிலிருந்து 9 சின்ன உருண்டை. சாப்பிடுகிறான், வாந்தி இல்லை. ஆன்டிபயாடிக் முன்பு கேட்டதே, இப்போது ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

மீசைக்காரி

அப்படியானால் அடைப்பு இல்லை, ஆனால் எண்ணுவதை நிறுத்த வேண்டாம். இந்த வகை அழற்சி எதுவும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே அடங்கும். மாத்திரையும் ஒரு வாரம். பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான். இளம் பூனைகளில் உண்மையான கிருமித்தொற்று அரிது.

கிரிஸ்டலைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அடர்ந்த சிறுநீரில் நலமான பூனைக்கும் கொஞ்சம் இருக்கும். மாதிரியை ஃபிரிட்ஜில் வைத்துத் தாமதமாகப் பார்த்தால் இல்லாத கிரிஸ்டலும் உருவாகும். உங்கள் ரிப்போர்ட்டில் கவனிக்க வேண்டியது 1.052. 1.035க்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள். ட்ரை ஃபுட்டில் ஈரம் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது, வெட் ஃபுட்டில் 75 முதல் 80 சதவீதம். 7 முதல் 10 நாளில் மெல்ல மாற்றுங்கள்: முதலில் கால் பங்கு, பிறகு பாதி. ஒவ்வொரு வேளையும் இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து கொடுக்கலாம். பட்டினி போட்டுப் பழக்காதீர்கள். இரண்டு நாள் சாப்பிடாத பூனைக்கு, அதுவும் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும்.

அரைத்தூக்கம்

டிஃப்யூசர் சோபாவுக்குப் பின்னால் என்றால் வாசம் சோபா முதுகிலேயே தேங்கிவிடும். மேலே திறந்த வெளி இருக்கிற பிளக்கில், நேராக நிமிர்த்திச் செருகணும். திரைக்குப் பின்னால், அலமாரிக்கு அடியில், கதவு மூடுகிற மூலையில் எல்லாம் வீண். ஒரு டிஃப்யூசர் 50 முதல் 70 சதுர மீட்டர்தான் எட்டும், சுவர் தாண்டாது. அவன் அதிகம் படுக்கிற அறையிலேயே வையுங்க. 24 மணி நேரமும் ஓடணும், ராத்திரி அணைக்கக் கூடாது. ரீஃபில் 30 நாள்தான்.

இன்னொண்ணு: கிளாசிக் என்பது பூனை கன்னத்தைத் தேய்த்து விடுகிற வாசத்தின் நகல், "இது என் இடம்" என்ற தெம்புக்கு. ரெண்டு பூனைக்கு நடுவில் உரசல் என்றால் அதே கம்பெனியின் மல்டிகேட் வேற வாசம், தாய்ப்பூனை பாலூட்டும்போது வருவதன் நகல். உங்க கேஸில் அதுதான் பொருந்தும். மந்திரம் இல்லைங்க. இந்த நோய்க்கே கிளாசிக்கை வைத்து 2004இல் செய்த சின்ன ஆய்வில் கொஞ்சம் நல்ல போக்கு தெரிந்தது, ஆனா வித்தியாசம் உறுதியாகிற அளவுக்கு வரலை.

காப்ஸ்யூல்: "அதிகமான நாட்களில்" என்பதுதான் தப்பு. அது வலி மாத்திரை மாதிரி உடனே பிடிக்காது. பால் புரதத்திலிருந்து எடுத்த ஆல்ஃபா-கசோசெபைன், கிலோவுக்கு 15 மி.கி. கணக்கு. 5.6 கிலோவுக்கு 84 வரும், 75 கிட்டத்தட்ட சரியான அளவுதான். தினமும் ஒரே நேரத்தில், திறந்து உணவில் தூவி, குறைந்தது ஒரு மாதம் கொடுத்துவிட்டுப் பலன் பாருங்க. பால் புரத ஒவ்வாமை உள்ள பூனைக்குக் கொடுக்கக் கூடாது.

கரண்டி

இரண்டு தட்டும் எங்கே இருக்கின்றன? பெட்டை பெரும்பாலும் எங்கே உட்காருகிறது?

சாம்பல்வால்

இரண்டும் குளியலறையில் பக்கத்தில் பக்கத்தில். பெட்டை அந்த வாசற்படியில்தான் படுத்திருக்கும். ஆனால் சண்டையே கிடையாது, சீறல்கூட இல்லை.

கரண்டி

பிடித்தாயிற்று. சீறலில்லாத சண்டைதான் பூனைகளிடம் அதிகம். பெட்டை வாசற்படியில் கால்களை மடித்து உட்காருகிறாள், கண் இமைக்காமல் பார்க்கிறாள். கடுவன் நாலடி வந்து நிற்கிறான், தரையை முகர்கிற மாதிரி ஒரு பாவனை, முதுகை ஒரு முறை நக்கிக்கொள்கிறான், திரும்பிவிடுகிறான். பார்க்கிற நமக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவனுக்கு மூத்திரம் அடக்கியாகிவிட்டது. துணிக்கூடைக்குப் போவதும் வீம்பில்லை, அங்கே வழிமறிக்க ஆளில்லை. இது இருக்கும்வரை எந்த டிஃப்யூசரும் தோற்கும்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு தட்டு பூனைக் கணக்கில் ஒன்றே. இரண்டு பூனைக்கு மூன்று தட்டு, மூன்று வெவ்வேறு இடம், ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியக் கூடாது. ஒன்றாவது இரண்டு பக்கமும் வழி உள்ள இடத்தில் இருக்கட்டும். மூக்கிலிருந்து வால் அடிவரை அளந்து அதன் ஒன்றரை மடங்கு நீளம். மூடி வேண்டாம், உள்ளே இருப்பவனுக்கு வெளியே யார் நிற்கிறார் என்று தெரியாது. வாசனையில்லாத மெல்லிய மணல், 3 முதல் 5 செ.மீ. ஆழம். தினம் இரண்டு முறை அள்ளுங்கள்.

சாப்பாட்டுக் கிண்ணமும் தண்ணீரும் அப்படியே பிரியணும், ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல். உயரத்தில் ஆளுக்கொரு தட்டுப்பலகை. கூடையையும் மிதியடியையும் என்சைம் கிளீனரால் கழுவுங்கள். அம்மோனியா கலந்தது வேண்டாம், அதற்கே மூத்திர நெடி உண்டு.

ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் குழு 2006இல் வெளியிட்டது இதே வழியைத்தான்: 46 பூனைகள், வீட்டுச் சூழல் மாற்றம், பத்து மாதக் கண்காணிப்பு. சிறுநீர்த் தொல்லையோடு பயமும் பதற்றமும் குறைந்தன.

பஞ்சுமூட்டை

லாவெண்டர் எண்ணெய் டிஃப்யூசர் போட்டுப் பாருங்களேன், மனுஷருக்கே நல்லாத் தூக்கம் வருது. குருதிநெல்லி (கிரான்பெர்ரி) பொடியும் சிறுநீருக்கு நல்லதாம்.

மீசைக்காரி

வேண்டாம். பூனையின் கல்லீரலில் இத்தகைய எண்ணெய்களை உடைத்து வெளியேற்றும் என்சைம் வழி மிகப் பலவீனம். காற்றில் கலந்த துளி ரோமத்தில் படிந்து, நக்கும்போது உள்ளே போகும். குருதிநெல்லி கிருமித்தொற்றுக்காகச் சொல்வது, இங்கே கிருமியே இல்லை. இன்னொன்றும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்: வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு ஒரு மாத்திரையே கொல்லும்.

சாம்பல்வால்

வலிக்கு என்னதான் செய்வது? கபாபென்டின், அமிட்ரிப்டிலின் என்ற மருந்துகள் பற்றியும் டாக்டர் சொன்னார்.

மீசைக்காரி

வலி உண்மையானது, அதைச் சும்மா விடக் கூடாது. வலிதான் அடுத்த அழுத்தம். முதல் சில நாளுக்கு டாக்டர் தரும் புப்ரெனார்ஃபின் போன்ற மருந்து, வாய் ஈறில் விடுவது, நன்றாகக் கேட்கும். அழற்சியையும் வலியையும் குறைக்கும் மெலாக்ஸிகாம் என்றால் நீர்ச்சத்தும் சிறுநீரகமும் சரியா என்று பார்த்த பிறகே.

கபாபென்டின் மருத்துவமனைப் பயணம் மாதிரி தெரிந்த கலவரத்துக்கு நல்லது. பொதுவாக ஒரு பூனைக்கு 50 முதல் 100 மி.கி., கிளம்ப இரண்டு மணி நேரம் முன். கொஞ்சம் தள்ளாடுவான், உயரத்தில் ஏற விடாதீர்கள். மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலின் கடைசிப் படி. ஒரு வாரம் கொடுப்பதில் பயனில்லை என்று ஆய்வுகளிலேயே தெரிந்தது. மூத்திரத்தைத் தேக்கவும் கூடும், அதனால் அடைப்பு வரக்கூடிய கடுவனுக்கு யோசித்தே தருவார்கள். தொடங்கினால் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

அரைத்தூக்கம்

எல்லாத்தையும் ஒரே நாளில் மாத்தாதீங்க, அதுவே அவனுக்கு அழுத்தம். முதல் நாள் மூணாவது தட்டு வேற அறையில், பழைய ரெண்டும் இருந்த இடத்திலேயே. ரெண்டு நாள் கழிச்சு ஒண்ணை நகர்த்துங்க. டிஃப்யூசரை இன்னைக்கே மாத்தலாம். உணவை நாலாம் நாள்லேர்ந்து.

சாம்பல்வால்

ஏழாம் நாள். மூன்றாவது தட்டைப் படுக்கையறையில் வைத்த அன்று இரவே போனான். இன்று 4 உருண்டை, ஒன்று நல்ல எலுமிச்சை அளவு. நிறம் சாதாரணம். காப்ஸ்யூலையும் டிஃப்யூசரையும் எப்போது நிறுத்துவது?

மீசைக்காரி

ஏழு நாளில் தானாகவும் அடங்கியிருக்கும், அதனால் எது குணமாக்கியது என்று இப்போதே பெயர் சூட்ட வேண்டாம். தொல்லையில்லாமல் இரண்டு மாதம் போகட்டும். பிறகு முதலில் காப்ஸ்யூல், இரண்டு வாரம் உருண்டை எண்ணிக்கை ஏறாவிட்டால் டிஃப்யூசர். விருந்தாளி, பராமரிப்பு வேலை, வீடு மாற்றம் வரப்போகிறது என்று தெரிந்தால் இரண்டையும் ஒரு வாரம் முன்பே திரும்பத் தொடங்குங்கள். மூன்றாவது தட்டை மட்டும் எடுக்காதீர்கள்.