மறு: மறு: கிர்ஹென்பூஹ் – தமிழ்ல என்ன போடலாம்? (வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்)

எல்லாருக்கும் வணக்கம். வம்சாவளி தேடுற மென்பொருள் ஒண்ணோட ஜெர்மன் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கிட்டு இருக்கேன், கிர்ஹென்பூஹ்ங்கிற சொல்லுலயே மூணு நாளா நிக்கிறேன். ஊர்ப் பாதிரியார் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணையும் எழுதிவச்ச பழைய நோட்டு. 'பங்குப் பதிவேடு'ன்னு போட்டு அண்ணன்கிட்ட காட்டினேன், அவர் ஆடிட்டர், "எந்தக் கம்பெனி ஷேர்?"னு கேக்குறார். காப்பாத்துங்க.

-----

அம்மா, பங்கு தப்பே இல்ல. பகு, பகுதி, பங்கு, எல்லாம் ஒரே வேர். ஊரைப் பகுத்து ஒரு குருவோட பொறுப்புல விட்டா அது பங்கு. பதிவேடுதான் நேத்து வந்த சொல். சோழர் கல்வெட்டுல வரிப்பொத்தகம் (வரிக்கணக்கு ஏடு) இருக்கு, ஸ்ரீரங்கத்துல கோயிலொழுகு (கோயில் வரலாற்று ஏடு) இருக்கு. 'பங்கொழுகு'ன்னு வைங்க, ஓசையும் நல்லாருக்கு.

-----

புலவர் ஐயா மன்னிக்கணும், இன்னிக்கு ஒழுகுன்னா கூரைதான் ஒழுகும் :) அப்புறம் பங்கு கத்தோலிக்கர் சொல்றது. நான் நாசரேத் பக்கம் சிஎஸ்ஐ, எங்களுக்கு சேகரம், சபை. லூத்தர் ஊர் நோட்டுக்கே பங்குன்னா எப்படி? 'சபைப் பதிவேடு'க்கு என் ஓட்டு.

-----

தம்பி, சபைன்னு போட்டா கத்தோலிக்க நோட்டெல்லாம் வெளிய நிக்கும், ரெண்டுக்கும் பொதுவா வேணும். கத்தோலிக்கருக்கு 1563ல திரெந்து சங்கம் (ஆயர்கள் கூடின பேரவை) ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் எழுதியே ஆகணும்னு சொல்லிச்சு, அடக்கம் சேர்ந்தது 1614ல. நூரன்பர்க் புராட்டஸ்டண்ட்காரங்க 1524லயே கல்யாண ஏடு ஆரம்பிச்சாச்சு. ஆனா 1618–48 முப்பதாண்டுப் போர்ல எரிஞ்சது போக மிச்சம்தான் பல ஊர்ல கிடைக்கும். ஜெர்மனி முழுக்க அரசாங்கப் பதிவு வந்ததே 1876 ஜனவரி 1ல, அதுக்கு முன்னாடி போகணும்னா இந்த நோட்டுதான் கதி.

ஸ்டுட்கார்ட்ல உக்காந்து வீட்டுக்காரர் பக்கத்து முப்பாட்டன்களைத் தேடிட்டு இருக்கேன், ஆர்கியோன்ங்கிற இணையதளத்துல காசு கட்டி இந்த நோட்டுகளோட ஸ்கேன் பார்க்கிறேன், அந்தக் குர்ரென்ட்ங்கிற பழைய ஜெர்மன் கையெழுத்துல 'ஈ'யும் (e) 'என்'னும் (n) அச்சு அசல் ஒண்ணு. '8பர்'னு ஒரு தேதி, எட்டாம் மாசம்தானேன்னு ஆகஸ்ட் பக்கங்களையே ரெண்டு வாரம் புரட்டினேன், கடைசியில அது அக்டோபர்! லத்தீன்ல அக்டோன்னா எட்டு, அதே கணக்குல 7பர்னா செப்டம்பர். கல்யாணமாகாதவளுக்குப் பிறந்த குழந்தையைச் சில பாதிரியார் தலைகீழா எழுதிருக்காங்க, ஸ்கேனைத் திருப்பி வச்சுப் படிக்கணும். பொண்ணுங்க குடும்பப் பேருக்கு 'இன்' சேரும், ம்யுல்லர் வீட்டுப் பொண்ணு ம்யுல்லரின், அதை வேற குடும்பம்னு நினைச்சா போச்சு.

-----

'இன்' பெண்பால் விகுதியா! கிழவன் கிழவி, குறவன் குறத்தி, நம்ம இகரத்தையும் அவங்க 'இன்'னையும் பக்கத்துல வச்சுப் பாருங்க...

-----

ஐயா, வேண்டாம் ஐயா. போன தடவை இப்படித்தான் நூறு மடல் போச்சு.

-----

சரி விட்டேன். ஆனா பேரேடு? பெருமை + ஏடுன்னாலும் பேரேடு, பேர் + ஏடுன்னாலும் பேரேடு. ஊரார் பேரெல்லாம் இருக்கிற பெரிய ஏடு. இதுக்கு மேல என்னம்மா வேணும்?

-----

அண்ணன்கிட்ட கேட்டேன். பேரேடுன்னா லெட்ஜராம் :(

-----

தரங்கம்பாடிக்கு 1706லயே ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்துட்டார், ஞானஸ்நானமும் குடுத்தார். அந்தக் காலத்துத் தமிழ்ல இந்த நோட்டுக்கு என்ன சொன்னாங்கன்னு யாராச்சும் பார்த்தா நல்லது. (நான் இல்ல, எனக்கு விடைத்தாள் திருத்துற வேலை.)

-----

யாரும் பார்க்கல, இன்னிக்கு வியாழன். 'தேவாலயப் பதிவேடு'ன்னு அனுப்பப் போறேன். உள்ள இருக்கிற மூணுக்கும் ஞானஸ்நான ஏடு, திருமண ஏடு, அடக்க ஏடு. சரிங்களா?

-----

சரி.

-----

சரி, ஆனா தேவாலயம்னா கட்டடம். நோட்டு கட்டடத்தோடது இல்ல, சபையோடது. எழுதி வைங்க, பின்னாடி யாராச்சும் கேப்பாங்க.

-----

புரியுது, அது போதும். திருமுழுக்கு ஏடுன்னும் ஒரு தேடுசொல் சேர்த்துடுங்க, கத்தோலிக்கப் பிள்ளைங்க அப்படித்தான் தேடும்.

-----

தேவமும் வடமொழி, ஆலயமும் வடமொழி, ஒட்டுனதும் வடமொழி இலக்கணம்தான். நான் பேரேடுன்னுதான் எழுதுவேன். ம்யுல்லரின் விஷயத்தைத் தனி இழையில போடுறேன், விருப்பமிருக்கிறவங்க வாங்க.