தேர்தல் முடிந்தும் இரண்டு அணியாகவே நிற்கும் சபை: ஆலோசனை தேவை

திருநெல்வேலிப் பகுதியில் சுமார் 200 குடும்பங்கள் உள்ள ஒரு தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்தில் பிள்ளைகளுக்கு வேதம் கற்பிக்கும் ஓய்வுநாள் பள்ளியின் ஆசிரியராக ஊழியம் செய்கிறேன். சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் குழுவான சேகர மன்றத்திற்குத் தேர்தல் முடிந்து 18 மாதங்கள் ஆகியும், அதில் உருவான இரண்டு அணிகளும் கலையவில்லை. ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தால் பேசப்படுவது பிரசங்கமல்ல, கோபுரக் கட்டுமானக் கணக்கே. புதன்கிழமை ஜெபக்கூட்டத்திற்கு 40 பேர் வந்த இடத்தில் இப்போது ஒன்பது பேர் வருகிறார்கள். ஏழை, பணக்காரர் என்று பாராமல் எல்லாரும் ஒரே பந்தியில் உண்பதற்கான அசன விழாவில்கூட, இந்த ஆண்டு இரு அணியினரும் தனித்தனிப் பந்தியில் அமர்ந்ததைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் என்னை மிகவும் வருத்தியது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்தில் வீட்டு ஜெபங்கள் நடத்தினோம். அந்தந்த வீட்டாரின் அணியினர் மட்டுமே வந்தார்கள். குருவானவர் 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்திலிருந்து, சகோதரர் வழக்காடுவதைப் பற்றிப் பிரசங்கித்தபோது, அது எதிரணிக்கே சொல்லப்பட்டது என்று இரு தரப்பும் எடுத்துக்கொண்டன. அப்போஸ்தலர் 2:42 கூறும் உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம் ஆகியவற்றை வைத்துத் தொடங்கிய வேதபாட வகுப்பு மூன்று வாரங்களில் நின்றுவிட்டது. கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகு சண்டையின் சத்தம் குறைந்தது உண்மை. ஆனால் ஜெபத்திற்கு ஆட்கள் திரும்பவில்லை.

இவ்வாறு பிளவுபட்ட சபையை மீண்டும் ஜெபத்தில் ஒன்றுசேர்த்தவர்கள் இங்கே இருந்தால், மன்றப் பொறுப்பில் இல்லாத ஒருவர் முதலில் செய்ய வேண்டியது எது என்று கூறுவீர்களா?