மத்தியதரைக் கடலில் செங்குத்துப் பாறைச்சுவர் டைவ்: மெடெஸா, கோசோவா?

காங்கேயத்தான்

வணக்கமுங்க. பின்னலாடை ஏற்றுமதித் தொழிலில் இருப்பவன் நான். செப்டம்பர் கடைசியில் வாடிக்கையாளர்களைப் பார்க்க பார்சிலோனா செல்ல வேண்டியிருக்கிறது. வேலை முடிந்தபின் ஆறு நாள் கையில் இருக்கும். அந்த ஆறு நாளையும் மத்தியதரைக் கடலின் செங்குத்துப் பாறைச்சுவர்களில் மூழ்குவதற்கே ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன்.

இதுவரை 130 டைவ் முடித்திருக்கிறேன். பெரும்பாலானவை அந்தமானின் ஹேவ்லாக்கில், மீதி புதுச்சேரியிலும் கர்நாடகத்தின் நேத்ராணியிலும். 40 மீட்டர் வரைக்கான ஆழப் பயிற்சிச் சான்றிதழும் நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) சான்றிதழும் உண்டு. ஆனால் 35 மீட்டருக்குக் கீழே போனது நான்கே முறைதான். அந்த நான்கு முறையும் காலுக்குக் கீழே தரை தெரிந்தது. தரையே தெரியாத சுவரை ஒட்டி இறங்கிய அனுபவம் எனக்கு இல்லை.

இல்லை என்று முழுக்கச் சொல்லவும் முடியாது. முதுகில் சுரைப்புரடை கட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்துக் கிணற்றில்தான் நான் நீச்சல் பழகினேன். நல்ல மழை பெய்த வருடங்களில் அறுபதடித் தண்ணீர் நிற்கும். கல்கட்டு முடிந்த இடத்துக்குக் கீழே வெட்டுப்பாறை கருத்துக்கொண்டே இறங்கிப்போவதை, தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்த பயம் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. அந்தப் பயத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இந்தப் பயணத்துக்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்பெயினின் மெடெஸ் தீவுகள், மால்டாவின் கோசோ இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது? 12 லிட்டர் ஒற்றைச் சிலிண்டரும் சாதாரணக் காற்றும் போதுமா? அங்கே போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பேரூர்வாசி

இரண்டு இடத்திலும் மூழ்கியிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஆறு நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். பார்சிலோனாவிலிருந்து மால்டாவுக்கு இரண்டு மணி நேர விமானம்தான் என்றாலும், உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காகப் பறப்பதற்கு முன் ஒரு நாள் கரையில் உட்கார வேண்டும். போகும்போது ஒரு நாள், ஊர் திரும்பும்போது ஒரு நாள் என்று கழித்தால் மிஞ்சுவது நான்கு நாள்.

மெடெஸ் என்பது லெஸ்டார்டிட் என்ற கடற்கரை ஊருக்கு எதிரே, படகேறினால் சில நிமிடங்களில் போய்விடக்கூடிய தொலைவில் இருக்கும் ஏழு சிறு தீவுகள். அங்கே 1983ஆம் ஆண்டிலேயே மீன்பிடிப்பைத் தடைசெய்துவிட்டதால், கலவா மீன்கள் ஆளைக் கண்டு ஓடுவதில்லை. நம் வீட்டு நாய் வாசலில் படுத்திருப்பதைப்போல் நின்ற இடத்திலேயே நின்று நம்மைப் பார்க்கும். சுவர்களில் சிவப்பும் ஊதாவுமாகக் கடல்விசிறிகள் அடர்ந்திருக்கும். பெரும்பாலான சுவர்கள் 40, 50 மீட்டரில் மணலைத் தொட்டுவிடும் என்பது உங்களைப் போன்றவருக்கு முக்கியம்.

கோசோவில் நிலைமை வேறு. தீவின் வடமுனையான ரெக்காவில் சுண்ணாம்புப் பாறை ஒரே வீச்சில் 60 மீட்டரையும் தாண்டி இறங்குகிறது. மேற்கே துவேய்ராவில் ‘நீலக்குழி’ என்று அழைக்கப்படும் இடத்தில் இறங்கி, 8 மீட்டர் ஆழத்தில் உள்ள பாறை வளைவு வழியாக வெளிச்சுவருக்குப் போகலாம். அதன் அருகே நின்றிருந்த புகழ்பெற்ற பாறைச் சாளரம் 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் விழுந்துவிட்டது. பக்கத்திலேயே ‘உள்கடல்’ என்னும் சிறு குட்டையிலிருந்து ஏறக்குறைய 80 மீட்டர் நீளமுள்ள குகைவழி, திறந்த கடலின் சுவரில் போய் முடிகிறது. இருட்டிலிருந்து அந்த நீலத்துக்குள் வெளிவரும் நொடிக்காகவே நான் இரண்டாம் முறையும் போனேன். ஆனால் வடமேற்குக் காற்று எழும்பினால் ரெக்காவும் துவேய்ராவும் சேர்ந்தே மூடிக்கொள்ளும். அன்றைக்குத் தீவின் தெற்குப் பக்கம் போய், 2006இல் மூழ்கடிக்கப்பட்ட கார்வேலா, கொமினோலாந்து என்ற இரு கப்பல்களைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான்.

ரெக்காவில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 38 மீட்டர் என்று திட்டமிட்டு இறங்கினோம். தண்ணீரில் 30 மீட்டருக்கு மேல் பார்வை போனது. நிமிர்ந்தால் அலையின் வெளிச்சம் தெளிவாகத் தெரிந்ததால் நான் அவ்வளவு ஆழத்தில் இருப்பதாகவே தோன்றவில்லை. பாரகுடா மீன்கூட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் ஆழம் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைப் பார்த்தபோது 47 மீட்டர் என்று காட்டியது. நடந்தது இதுதான்: நான் போட்டிருந்தது 7 மி.மீ. தடிமனுள்ள வெட்சூட் என்னும் ரப்பர் உடுப்பு. அதன் நியோப்ரீனுக்குள் இருக்கும் காற்றுக்குமிழ்கள் 40 மீட்டரில் ஐந்து மடங்கு அழுத்தத்தில் நசுங்கி, மேலே என்னைத் தாங்கிப் பிடித்த மிதப்பில் பெரும்பகுதியை இழந்துவிட்டன. போதாக்குறைக்கு மேற்பரப்பில் மூழ்குவதற்காக இரண்டு கிலோ ஈயம் அதிகம் கட்டியிருந்தேன். இரண்டும் சேர்ந்து மெதுவாக என்னைக் கீழே இறக்க, ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதை போன்ற மயக்கம் அதை உணரவிடாமல் வைத்திருந்தது. அந்தமானில் 3 மி.மீ. உடுப்புடன், கீழே மணலை வைத்துக்கொண்டு பழகிய நமக்கு இந்தத் தவறு வருவதற்கு வாய்ப்பே இருந்ததில்லை. கிணற்றில் என்றால் அடி தட்டும், ரெக்காவில் தட்டாது.

ஆகவே முதல் பயணத்துக்கு மெடெஸ். கோசோவை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டு மஞ்சள்

பேரூர் அண்ணன் கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துவதாக எனக்குத் தோன்றுகிறது. பிரான்சில் உரிய தகுதிச் சான்றிதழ் பெற்றவர்கள் சாதாரணக் காற்றிலேயே 60 மீட்டர் வரை இறங்குவதை அந்நாட்டு விதிகளே அனுமதிக்கின்றன. ஆக்சிஜன் கணக்குப்படி பார்த்தாலும், அதன் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) வழக்கமான வரம்பான 1.4 பாரைத் தொடுவது காற்றில் 56 மீட்டரில்தான். 130 டைவ் முடித்த ஒருவர் நல்ல வழிகாட்டியுடன் 45, 50 மீட்டர் போய் வருவதில் என்ன தவறு? மயக்கத்தைக் குறைக்கும் ஹீலியம் கலந்த காற்றுக்கு ஆகும் செலவில் இன்னொரு முறை ஐரோப்பாவே போய் வந்துவிடலாம்.

ஆழியாறு மருத்துவர்

ஈரோட்டுக்காரர் சொன்ன 60 மீட்டர் விதி உண்மையே. அந்தத் தகுதியை எட்டுகிறவர்கள் குளிர்ந்த, ஆழமான நீரில் படிப்படியாகப் பழகி வந்தவர்கள் என்பதை அவர் விட்டுவிட்டார்.

ஆக்சிஜன் மட்டும் கணக்கில்லை. ஆழம் கூடக்கூட நாம் சுவாசிக்கும் காற்று அடர்த்தியாகிறது. லிட்டருக்கு 5.2 கிராம் வரை இருப்பது நல்லது என்றும், 6.2 கிராமைத் தாண்டக் கூடாது என்றும் இன்று பரிந்துரைக்கப்படுகிறது. சாதாரணக் காற்று முதல் அளவை 30 மீட்டரை ஒட்டியும், இரண்டாவது அளவை 40 மீட்டரைத் தொடுவதற்குச் சற்று முன்பாகவும் எட்டிவிடுகிறது. அதற்குக் கீழே, நீரோட்டத்தை எதிர்த்து காலில் மாட்டிய துடுப்பை நாலு தடவை வேகமாக அடித்தாலே நுரையீரலால் கார்பன் டை ஆக்சைடை முழுக்க வெளியேற்ற முடியாமல் போகலாம். அது தேங்கினால் மயக்கமும் பதற்றமும் மூச்சுத் திணறலும் ஒன்றையொன்று வளர்க்கும்; மூச்சுத் திணறுகிறவர் இன்னும் வேகமாகச் சுவாசிப்பார். ஆகவே காற்றில் 40 மீட்டர் என்பது சான்றிதழில் அச்சடித்த எண் மட்டுமில்லை.

நைட்ராக்ஸ் பற்றியும் ஓர் எச்சரிக்கை. 32 சதவிகிதக் கலவைக்கு உச்ச ஆழம் சுமார் 33 மீட்டர். அதே சிலிண்டருடன் சுவரில் 40 மீட்டருக்கு நழுவிவிட்டால் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.6 ஆகிவிடும், வலிப்பு வரக்கூடிய எல்லை அது. நீருக்கடியில் வலிப்பு வந்தால் வாயிலிருந்து மூச்சுக்கருவியான ரெகுலேட்டர் நழுவும். 40 மீட்டர்தான் இலக்கு என்றால் 28 சதவிகிதக் கலவையைக் கேளுங்கள், அதற்கு 1.4 என்ற அளவு சரியாக 40 மீட்டரில் வருகிறது.

இன்னொன்று, நம்மூர்க்காரர்கள் அடிக்கடி மறப்பது. பல நாள் மூழ்கியபின் பறக்கக் குறைந்தது 18 மணி நேரமும், நைட்ரஜன் வெளியேறுவதற்கான கட்டாய நிறுத்தங்களுடன் மேலேறியிருந்தால் 24 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பார்கள். மலையேறுவதற்கும் அதே கணக்குத்தான். உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரம். விமானத்தின் உள்ளறை அழுத்தமும் ஏறக்குறைய அதே உயரத்துக்கு நிகரானது. புதுச்சேரியில் ஞாயிறு மூழ்கிவிட்டு, அன்றிரவே காரோட்டி விடியற்காலையில் குடும்பத்தோடு ஊட்டிக்கு ஏறிய ஒருவருக்கு நானே ஆக்சிஜன் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஸ்பெயின் போகிறவர்களுக்குப் பிரனீஸ் மலை மீதும் ஆசை வரும். அதை மூழ்குவதற்கு முந்தைய நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

காங்கேயத்தான்

மருத்துவர் அம்மாவுக்கும் பேரூர் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. மெடெஸ் என்று முடிவு செய்துவிட்டேன். என் மூச்சு அளவு, மேற்பரப்புக் கணக்கில், நிமிடத்துக்கு 16 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டர் போதுமா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

பேரூர்வாசி

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் (ஒரு பார் ஏறக்குறைய தரைமட்டக் காற்றழுத்தம்) என்றால் 2,400 லிட்டர் காற்று. இதில் எவ்வளவு உங்களுடையது என்பதற்கு முன், எவ்வளவு உங்களுடையது இல்லை என்று பார்க்க வேண்டும். 40 மீட்டரில் உங்கள் பட்டிக்குக் காற்று தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். (பட்டி என்றால் நம் பக்கம் ஆடு அடைக்கும் இடம், இங்கே உடன் மூழ்குபவரைச் சொல்கிறேன்.) பதற்றத்தில் இருவரும் ஆளுக்கு 30 லிட்டர் வீதம், நிமிடத்துக்கு 60 லிட்டர் இழுப்பீர்கள். நிலைமையைப் புரிந்துகொண்டு ஒருவரையொருவர் பற்றிக்கொள்ள ஒரு நிமிடம்: அழுத்தம் 5 பார் என்பதால் 300 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் வரை மேலேற நான்கு நிமிடம், சராசரி அழுத்தம் 3.25 பார்: 780 லிட்டர். 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம்: 270 லிட்டர். மொத்தம் 1,350 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் இது 112 பார். அதாவது சிலிண்டரின் அழுத்தமானி 112ஐக் காட்டும்போது நீங்கள் ஏற்கெனவே மேலேறத் தொடங்கியிருக்க வேண்டும். 50 பாரில் கரையேறினால் போதும் என்று பழகிய பலருக்கு இந்த எண்ணைக் கேட்டதும் முகம் மாறும்.

மீதி 88 பாரில் இறங்குவதற்கு 8 பார் போய்விட்டால், 40 மீட்டரில் உங்கள் 16 லிட்டர் ஐந்து மடங்காகி, நிமிடத்துக்கு 80 லிட்டர் வீதம் 12 நிமிடம் கிடைக்கும். 40 மீட்டரில், மேலேறும்போது கட்டாய நிறுத்தம் தேவைப்படாத நேரம், பரவலாகப் பயன்படும் பொழுதுபோக்கு டைவ் அட்டவணைப்படி, 9 நிமிடம்தான். ஆகவே காகிதத்தில் போதும். ஆனால் குளிரிலும் நீரோட்டத்திலும் உங்கள் 16 லிட்டர் எளிதாக 25 ஆகும். அப்போது கிடைப்பது எட்டு நிமிடம்கூட இல்லை. 15 லிட்டர் ஸ்டீல் சிலிண்டர் கேட்டு வாங்குங்கள். அதில் அதே இருப்பு 90 பாரில் அடங்கிவிடும். நம் நாட்டில் பழகிய அலுமினிய சிலிண்டர் காலியாகும்போது மேலே மிதக்கப் பார்க்கும். ஸ்டீல் அப்படிச் செய்யாது என்பதால் ஈயத்தையும் குறைக்கலாம். முதல் நாள் ஆழமில்லாத இடத்தில் இறங்கி, கடைசி 50 பாரில் 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து ஈயத்தை முடிவு செய்யுங்கள்.

செப்டம்பர் கடைசியில் மேலே தண்ணீர் இதமாகத்தான் இருக்கும். குளிரடுக்கைக் கடந்ததும் 15, 16 டிகிரிக்கு விழலாம். முகத்தில் அறைந்ததுபோல் இருக்கும். தலைமூடியும் கையுறையும் மறக்க வேண்டாம்.

கொடுமணல் பித்தன்

மூழ்குவதில் எனக்கு அனுபவம் குறைவு. ஒரு வாரம் லெஸ்டார்டிட்டில் இருந்தவன் என்ற முறையில், 40 மீட்டர் வரை போக வேண்டிய தேவையே குறைவு என்று சொல்வேன். கடல்விசிறிகளின் அழகு 20இலிருந்து 35 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. குகை விளிம்புகளில், வெளிச்சம் மங்கிய இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். சுண்டுவிரல் நீளத்தில் செம்பவளம் தெரியும். நம் வீட்டுப் பெண்கள் தாலிக்கொடியில் கோத்த அதே பவளம். முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், முசிறிக்கு வந்திறங்கிய சரக்குகளில் பவளத்தையும் எழுதிவைத்திருக்கிறது. முசிறியிலிருந்து கொடுமணல் வழியாகக் கரூருக்குப் போன பெருவழி நம் நொய்யல் கரையோடுதான் போயிற்று.

அதன் தண்டு வருடத்துக்கு அரை மில்லிமீட்டர்கூடப் பருப்பதில்லை. 50 மீட்டருக்கும் குறைவான ஆழங்களில் அதை எடுப்பதை மத்தியதரைக் கடல் மீன்வள ஆணையம் 2011இல் தடை செய்தது. கடல்விசிறிகளோ 1999, 2003 ஆகிய வருடங்களின் கடும் வெப்பத்தில் அந்தக் கடலின் வடமேற்குப் பகுதியில் பெருவாரியாக மடிந்தன. துடுப்பு ஒருமுறை பட்டாலே ஒடியும். ஈயம் அதிகம் கட்டித் தடுமாறுகிறவர்கள்தான் சுவரைப் பிடிப்பார்கள் என்பதால், பேரூர் அண்ணன் சொன்னது இதற்கும் பொருந்தும்.

காங்கேயத்தான்

முதல் இரண்டு நாள் 25 மீட்டர், மூன்றாம் நாளிலிருந்து 35, உடம்பு ஒத்துழைத்தால் ஒரே ஒரு முறை 40 என்று திட்டத்தை மாற்றிக்கொண்டேன். 15 லிட்டர் சிலிண்டருக்கும், அந்த ஒரு முறைக்கு 28 சதவிகிதக் கலவைக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன். மருத்துவச் சான்றும் காப்பீடும் டைவ் பதிவேடும் கொண்டுவரச் சொல்லிப் பதில் வந்தது. அங்குள்ள சிலிண்டர்களில் டின் (DIN) வகை, அதாவது ரெகுலேட்டரைத் திருகி மாட்டும் வால்வுதான் என்றும் எழுதியிருக்கிறார்கள். என் ரெகுலேட்டர் வால்வைச் சுற்றிக் கவ்வும் யோக் வகை. அதை மாற்றித் தரும் ஆள் கோவையிலோ திருப்பூரிலோ யாராவது இருக்கிறார்களா, இல்லை சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டுமா?

பேரூர்வாசி

அனுப்ப வேண்டாமுங்க. என்னிடம் கூடுதலாக ஒரு டின் இணைப்பு இருக்கிறது. ஞாயிறு காலை ரெகுலேட்டரையும் எடுத்துக்கொண்டு பேரூருக்கு வாருங்கள், மாட்டிப் பார்த்துவிடலாம். என் 7 மி.மீ. வெட்சூட் உங்களுக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்கலாம்.